ஒப்பந்தம் போட்ட பையன் ஏன் ஸ்வீடனிலேயே ஆடப் போனான்?

கேள்வி இதுதான். அன்டன் ஃப்ரொன்டெல் என்ற ஸ்வீடன் பையனை 2025 ஜூனில் நடந்த என்.எச்.எல். (வட அமெரிக்காவின் பெரிய ஐஸ் ஹாக்கி லீக்) டிராஃப்டில், அதாவது இளம் வீரர்களை அணிகள் வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வில், சிகாகோ பிளாக்ஹாக்ஸ் அணி மூன்றாவது ஆளாக எடுத்தது. அடுத்த மாதமே மூன்று வருட ஒப்பந்தமும் கையெழுத்தாகிவிட்டது. ஆனால் 2025-26 சீசன் தொடங்கியபோது அவர் சிகாகோ போகவில்லை, ஸ்டாக்ஹோமில் தன் பழைய கிளப்பான யூர்கோர்டனுக்கே ஆடப் போனார். "கையெழுத்துப் போட்ட பிறகும் ஏன் போகவில்லை? பணம் வருமா, வராதா? இந்த ஒரு வருடம் வீண்தானே? அவரை வளர்த்த கிளப்புக்கு என்ன கிடைக்கும்?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

வீண் இல்லை. பல பையன்களுக்கு அந்த ஒரு வருடம்தான் பின்னால் வரும் பத்து வருடத்தைத் தீர்மானிக்கிறது. கையெழுத்துப் போட்ட நாள்தான் செய்தியில் வரும், போட்டோவும் அன்றுதான் எடுப்பார்கள். ஆனால் உண்மையான முடிவு அதற்குப் பிறகு எடுக்கப்படுகிறது: அடுத்த குளிர்காலத்தை எந்த ஊரில், எந்த அணியில், எத்தனை நிமிடம் ஆடிக் கழிப்பது என்ற முடிவு.

முதலில் டிராஃப்டைப் பற்றிச் சுருக்கமாக. 32 அணிகள், ஏழு சுற்று, மொத்தம் 224 பையன்கள். டிராஃப்டில் எடுத்தார்கள் என்றால் வேலை கொடுத்துவிட்டார்கள் என்று அர்த்தமில்லை. இவனோடு ஒப்பந்தம் பேச எங்களுக்கு மட்டுமே உரிமை என்று அந்த அணி வாங்கிக்கொள்கிறது, அவ்வளவுதான். ஐரோப்பாவில் ஆடும் பையன் என்றால் அந்த உரிமை நான்கு வருடம் நீடிக்கும். அதனால் அணிக்கு அவசரம் கிடையாது. எடுக்கப்பட்ட பலர் ஒப்பந்தம் எதுவும் போடாமலே காலம் கழிந்து போவதும் உண்டு. முதல் சுற்றின் உச்சியில் எடுக்கப்பட்டவர்களுக்குத்தான் ஒரே மாதத்தில் கையெழுத்தாகிறது.

அந்த முதல் ஒப்பந்தத்தின் வடிவம் பேரம் பேசித் தீர்மானிக்கப்படுவதில்லை. லீக்கும் வீரர் சங்கமும் செய்துகொண்ட கூட்டு உடன்படிக்கை அதை முன்பே வகுத்து வைத்திருக்கிறது. 18 முதல் 21 வயதுக்குள் கையெழுத்துப் போட்டால் மூன்று வருடம், 22, 23 வயதில் இரண்டு வருடம், 24 வயதில் ஒரு வருடம். சம்பளத்துக்கும் உச்சவரம்பு உண்டு. 2024, 2025 டிராஃப்டில் எடுக்கப்பட்டவர்களுக்கு அது வருடத்துக்கு 9,75,000 டாலர். 2025-26 சீசனில் லீக்கின் குறைந்தபட்சச் சம்பளமே 7,75,000 டாலர். ஆக, முதல் ஆளாக எடுக்கப்பட்டவனுக்கும் கடைசிச் சுற்றில் எடுக்கப்பட்டவனுக்கும் அடிப்படைச் சம்பளத்தில் அதிகபட்ச வித்தியாசம் இரண்டு லட்சம் டாலர்தான். இப்படி ஒரு வேலி ஏன் போட்டார்கள் என்றால், 1993-ல் அலெக்ஸாண்டர் டேக் என்ற பையனுக்கு ஒட்டாவா அணி ஒரு ஆட்டம்கூட ஆடுவதற்கு முன்பே ஐந்து வருடத்துக்கு 1 கோடியே 22 லட்சம் டாலருக்கு மேல் கொடுத்தது. பல வருடம் ஆடிய மூத்த வீரர்களே கொதித்துப் போனார்கள். 1995-ல் வந்த புதிய உடன்படிக்கையில் புதியவர்களின் சம்பளத்துக்கு வரம்பு வந்தது.

பெரிய வித்தியாசம் போனஸில்தான் வரும். ஃபார்வர்டு ஒருவர் ஒரு சீசனில் 20 கோல் போட்டால் இவ்வளவு, 35 கோலுக்கு உதவினால் இவ்வளவு, கோலும் உதவியும் சேர்த்து மொத்தம் 60 புள்ளி எடுத்தால் இவ்வளவு என்று வரிசையாக இருக்கும். லீக்கின் பெரிய விருதுகளுக்குத் தனிக் கணக்கு. முதல் சில இடங்களில் எடுக்கப்பட்டவர்களின் ஒப்பந்தத்தில் இந்த போனஸ் சம்பளத்தைவிடப் பல மடங்கு இருக்கும். உதாரணமாக, எலியாஸ் பெட்டர்சன் 2018-ல் வான்கூவரோடு போட்ட முதல் ஒப்பந்தத்தில் சம்பளம் 9,25,000 டாலர், எட்டக்கூடிய போனஸ் வருடத்துக்கு 28,50,000 டாலர். ஐந்தாவது சுற்றில் எடுக்கப்பட்ட பையனின் ஒப்பந்தத்தில் இந்தப் பக்கம் பெரும்பாலும் காலியாகத்தான் இருக்கும்.

சரி, பணம் வருமா வராதா? 9,75,000 என்று பேப்பரில் பார்த்துவிட்டு எல்லாம் அவன் கைக்குப் போவதாக நினைக்கக் கூடாது. அதில் அதிகபட்சம் பத்தில் ஒரு பங்கு, அதாவது 97,500 டாலர் வரை, கையெழுத்துப் பணமாக ஒவ்வொரு வருடமும் கொடுக்கலாம். அதை அவன் எங்கே ஆடினாலும் கொடுத்தாக வேண்டும். மீதிச் சம்பளம் என்.எச்.எல். அணியில் இருக்கும் நாட்களுக்கு மட்டும், நாள் கணக்கில். அணிக்குக் கீழே இருக்கும் ஏ.எச்.எல். லீக்குக்கு அனுப்பிவிட்டால், அங்கே அவனுடைய வருடச் சம்பளம் 85,000 டாலர் என்ற வரம்புக்குள்தான். ஸ்வீடனுக்கே கடனாகத் திருப்பி அனுப்பினால், ஸ்வீடன் கிளப் தரும் சம்பளம், கூடவே கையெழுத்துப் பணம். ஆகவே ஃப்ரொன்டெல் மாதிரி ஒருவர் ஸ்டாக்ஹோமில் ஆடுகிறார் என்றால் அவர் சும்மா இல்லை. ஆனால் பேப்பரில் இருக்கும் பெரிய தொகை இன்னும் தொடங்கவில்லை.

தொடங்கவில்லை என்று சொன்னேனே, எல்லாமே அந்த ஒரு விஷயத்தில்தான் இருக்கிறது. 18 அல்லது 19 வயதில் கையெழுத்துப் போட்ட பையன், அந்த சீசனில் என்.எச்.எல்.லில் பத்து ஆட்டம் ஆடாவிட்டால், ஒப்பந்தத்தின் முதல் வருடம் கழியாது. மூன்று வருடம் மூன்று வருடமாகவே அடுத்த சீசனுக்கு நகர்ந்துவிடும். பிளேஆஃப் ஆட்டங்களும் இந்தப் பத்தில் சேர்த்தி. 18 வயதில் கையெழுத்துப் போட்டிருந்தால் இப்படி இரண்டு முறை நகரலாம். அதனால்தான் பயிற்சி முகாமில் நன்றாக ஆடிய பையனுக்கு ஒன்பது ஆட்டம் கொடுத்துப் பார்ப்பார்கள். ஒன்பதாவது ஆட்டம் முடிந்த மறுநாள் அந்த ஊர்ப் பத்திரிகைகள் முழுக்க ஒரே கேள்விதான்: பத்தாவது ஆட்டத்தில் இறக்குவார்களா, திருப்பி அனுப்புவார்களா?

இதை மிக அருகிலிருந்து காட்டுவது வில்லியம் எக்லுண்டின் கதை. இவரும் யூர்கோர்டன்காரர், அப்பாவும் அதே கிளப்புக்கு ஆடியவர். 2021 டிராஃப்டில் சான் ஹோசே ஷார்க்ஸ் ஏழாவது ஆளாக எடுத்தது. ஆகஸ்டில் கையெழுத்து. அக்டோபரில் நேராக என்.எச்.எல். அணியில் இடம். ஒன்பது ஆட்டம் ஆடினார், நான்கு கோலுக்கு உதவினார், மோசம் என்று யாரும் சொல்லவில்லை. பத்தாவது ஆட்டம் வரவில்லை. நவம்பரில் ஸ்வீடனுக்கு விமானம் ஏற்றிவிட்டார்கள்.

அவர் திரும்பிப் போன கிளப் அப்போது படுகுழியில் இருந்தது. யூர்கோர்டன் ஸ்வீடனில் அதிக முறை சாம்பியன் பட்டம் வென்ற கிளப். ஆனால் ஸ்வீடனின் முதல்நிலை லீக்கான எஸ்.எச்.எல்.லில் கடைசியில் இருப்பவர்கள் கீழ்நிலைக்கு இறங்கியே ஆக வேண்டும். பெயருக்கும் பழம்பெருமைக்கும் அங்கே சலுகை கிடையாது. என்.எச்.எல். ரசிகர்களுக்கு இந்தப் பயம் தெரியாது, அங்கே கடைசியில் வந்தால் அடுத்த டிராஃப்டில் நல்ல இடம் கிடைக்கும். அந்த வருடம் தோல்விக்கு மேல் தோல்வி. எக்லுண்டுக்கு லீக் ஆட்டங்களில் விழுந்தது ஒரே ஒரு கோல். 2022 வசந்தத்தில் டிம்ரோ அணியிடம் தோற்று யூர்கோர்டன் இரண்டாம் நிலைக்கு இறங்கியது. 19 வயதுப் பையன், கலிஃபோர்னியாவில் சீசனைத் தொடங்கி, தான் வளர்ந்த கிளப் கவிழ்வதைப் பார்த்து முடித்தான். அடுத்த வருடம் பெரும்பகுதி ஏ.எச்.எல். அணியில், என்.எச்.எல்.லில் எட்டே ஆட்டம். ஒப்பந்தம் மறுபடி நகர்ந்தது. 2021-ல் போட்ட மூன்று வருட ஒப்பந்தத்தின் முதல் வருடம் 2023-24-ல்தான் தொடங்கியது!

ஆனாலும் அந்த இரண்டு வருடம் அவரைக் கெடுத்துவிட்டதாக நான் நினைக்கவில்லை. முழுநேரமாக வந்த பிறகு சான் ஹோசேயின் முக்கியமான ஃபார்வர்டுகளில் ஒருவராக நிலைத்துவிட்டார், 2025 கோடையில் மூன்று வருடத்துக்கு 1 கோடியே 68 லட்சம் டாலருக்கு அடுத்த ஒப்பந்தமும் போட்டார். ஆனால் அணிக்கு என்ன லாபம், பையனுக்கு என்ன நஷ்டம் என்பதை மறைக்கக் கூடாது. அணிக்கு லாபம்: மலிவான மூன்று வருடமும் அவன் முதிர்ந்து நன்றாக ஆடும் வயதில் வந்து விழுகிறது. பையனுக்கு நஷ்டம்: பெரிய சம்பளம் தள்ளிப் போகிறது. ஒரு வீரரின் காலில் எப்போது அடிபடும் என்று யாருக்கும் தெரியாத விளையாட்டில் ஒரு வருடம் தள்ளிப் போவது சின்ன விஷயம் இல்லை.

முதல் ஒப்பந்தம் முடியும்போது என்ன நடக்கும் என்று பார்க்க டொரன்டோவில் இருக்கும் நம் ஆட்களுக்கு வில்லியம் நைலாண்டர் பெயரைச் சொன்னாலே போதும். 2014-ல் மேப்பிள் லீஃப்ஸ் எட்டாவதாக எடுத்து, ஆகஸ்டில் ஒப்பந்தம் போட்டு, ஸ்வீடனின் மோடோ கிளப்புக்குக் கடனாக அனுப்பியது. 2015 ஜனவரியில் திரும்ப வரவழைத்து ஏ.எச்.எல். அணியான மார்லீஸில் ஆட வைத்தது. அந்த சீசன் கணக்கில் வராததால் ஒப்பந்தம் 2018 வரை ஓடியது. முடிந்ததும் சம்பளப் பேச்சு இழுத்தது. டிசம்பர் 1 மாலைக்குள் கையெழுத்தாகாவிட்டால் அந்த சீசன் முழுக்க ஆட முடியாது என்பது விதி. கெடு முடிய நிமிடங்கள் இருக்கும்போது ஆறு வருடத்துக்கு 4 கோடியே 50 லட்சம் டாலருக்குக் கையெழுத்துப் போட்டார். முதல் ஒப்பந்தத்தில் பேச எதுவும் இல்லை, இரண்டாவதில்தான் எல்லாப் பேச்சும். அதனால் முதல் ஒப்பந்தம் எந்த வருடம் தொடங்கி எந்த வருடம் முடிகிறது என்பதை ஏஜெண்டுகள் அவ்வளவு உன்னிப்பாகப் பார்க்கிறார்கள்.

இப்போது உங்கள் மூன்றாவது கேள்வி, வீணா இல்லையா. எனக்குப் பிடித்த உதாரணம் பெட்டர்சன்தான். 2017-ல் வான்கூவர் அவரை ஐந்தாவதாக எடுத்தபோது அவர் டிம்ரோவில், இரண்டாம்நிலை லீக்கில் ஆடிக்கொண்டிருந்தார். ஒல்லிப் பையன், இந்த உடம்போடு என்.எச்.எல்.லா என்று பேசினார்கள். அவர் அவசரப்படவில்லை, வான்கூவரோடு உடனே கையெழுத்துகூடப் போடவில்லை. வெக்ஷோ அணிக்குப் போய் முதல்முறையாக எஸ்.எச்.எல்.லில் இறங்கினார். 44 ஆட்டத்தில் 56 புள்ளி. ஸ்வீடனின் முதல்நிலை லீக்கில் பதின்வயதினர் ஒருவர் எடுத்த அதிகபட்சம் அது, 1970-களில் கென்ட் நில்சன் வைத்த சாதனையைத் தாண்டியது. லீக்கிலேயே அதிகப் புள்ளி அவருடையது, அணியும் சாம்பியன். அதன் பிறகுதான், 2018 மே மாதம், வான்கூவர் ஒப்பந்தம். அந்த அக்டோபரில் தன் முதல் என்.எச்.எல். ஆட்டத்திலேயே கோல் போட்டார். 71 ஆட்டத்தில் 66 புள்ளி, சிறந்த புதுமுகத்துக்கான கால்டர் கோப்பை.

இதில் கவனிக்க வேண்டியது அந்த 56 புள்ளி இல்லை. வெக்ஷோ அவரை எப்படி ஆட வைத்தது என்பதுதான். பவர் பிளேயில், அதாவது எதிரணியில் ஒருவர் தண்டனையால் வெளியே இருக்கும் நேரத்தில், வலப்பக்க வட்டத்தில் நிற்க வைத்துப் பக்கை (பந்துக்குப் பதிலாக ஆடும் ரப்பர் வட்டை) அவருக்கே கொடுத்தார்கள். வளர்ந்த ஆண்களுக்கு எதிராக, ஆட்டத்தைத் தீர்மானிக்கும் நேரத்தில், தவறு செய்தாலும் மறுபடி இறக்கிவிடும் பயிற்சியாளரோடு ஒரு முழு சீசன். அது கிடைக்கிறது என்றால் 18 வயதுப் பையன் ஸ்வீடனில் இருப்பதைவிட நல்ல முடிவு இல்லை. அது கிடைக்காமல், கீழ்நிலைக்கு இறங்கும் பயத்தில் இருக்கும் அணியில் நான்காவது வரிசையில் ஆட்டத்துக்கு ஆறு நிமிடம் ஆடிக்கொண்டு உட்கார்ந்திருந்தால், அதைவிட ஏ.எச்.எல். போவது மேல். எந்த நாடு, எந்த லீக் என்று ரசிகர்கள் சண்டை போட்டுக்கொள்கிறார்கள். நான் பார்ப்பது ஐஸில் எத்தனை நிமிடம் இருக்கிறான், அதில் பவர் பிளே எவ்வளவு என்பதை.

ஏ.எச்.எல்.லுக்கு ஒரு நியாயம் உண்டு. ஸ்வீடனில் பல அரங்குகளில் ஐஸ் தளம் 30 மீட்டர் அகலம், வட அமெரிக்காவில் 26 மீட்டர் அளவுதான். கேட்க நான்கு மீட்டர். ஆனால் ஸ்வீடனில் ஓரமாகப் பக்கை எடுத்துக்கொண்டு, நிமிர்ந்து பார்த்து, அப்புறம் என்ன செய்யலாம் என்று யோசிக்க ஒரு கணம் கிடைக்கும். வட அமெரிக்காவில் அந்தக் கணத்தில் எதிரணி டிஃபென்ஸ்காரர் வந்து தளத்தைச் சுற்றியுள்ள பலகையோடு சேர்த்து நசுக்கிவிடுவார். அந்தச் சின்ன இடத்தில் பழகித்தான் கற்க முடியும். எஸ்.எச்.எல். சீசன் 52 ஆட்டம், ஏ.எச்.எல். 72. ஏ.எச்.எல்.லில் பயணமும் அதிகம், பயிற்சி நாட்கள் குறைவு. உடம்பு தேறாத பையனுக்கு ஸ்வீடனில் ஜிம்முக்கும் தூக்கத்துக்கும் நேரம் கிடைப்பது பெரிய வரம்.

இந்த வழி எதிலும் போகாமல் நேராக உள்ளே புகுந்தவர்களும் இருக்கிறார்கள். ராஸ்முஸ் டாலின் 2018-ல் முதல் ஆள், அந்த அக்டோபரிலேயே பஃபலோவுக்கு ஆடினார். அவரை விட்டுவிடலாம், அப்படிப்பட்டவர்கள் அரிது. எனக்கு ஆச்சரியம் யெஸ்பர் பிராட். 2016-ல் ஆறாவது சுற்று, 162-வது ஆள். ஆடியது ஸ்டாக்ஹோமின் ஏ.ஐ.கே. அணியில், அதுவும் இரண்டாம்நிலை லீக். 2017-ல் ஒப்பந்தம் போட்டு நியூ ஜெர்சி முகாமுக்கு வந்த 19 வயதுப் பையனை யாரும் பெரிதாக எதிர்பார்க்கவில்லை. முகாமிலேயே இடத்தைப் பிடித்தார். முதல் சீசனில் 74 ஆட்டம், 35 புள்ளி. இன்று அந்த அணியின் முக்கியத் தூண்களில் ஒருவர். இருந்தாலும் பிராட்டைக் காட்டி மற்ற ஆறாம் சுற்றுப் பையன்களை அவசரப்படுத்துவது அநியாயம்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். ஒப்பந்தம் போட்டும் ஸ்வீடனிலேயே இருப்பது முழுக்க வீரரின் விருப்பமாகவே இருக்க வேண்டும் என்பதில்லை. அவர் ஏற்கெனவே ஸ்வீடன் கிளப்போடு ஒப்பந்தத்தில் இருந்தால், என்.எச்.எல். அணியில் இடம் கிடைக்காத பட்சத்தில் ஏ.எச்.எல்.லுக்கு அனுப்பாமல் ஸ்வீடன் கிளப்புக்கே திருப்பித் தர வேண்டும் என்ற ஷரத்து சிலருடைய ஒப்பந்தத்தில் இருக்கும். கிளப்புகள் இதற்காகப் போராடித்தான் வாங்கியிருக்கின்றன.

ஸ்வீடன்காரர்கள் அங்கே போக ஆரம்பித்த காலத்தில் இதெல்லாம் எதுவும் இல்லை. 1965-ல் உல்ஃப் ஸ்டெர்னர் நியூயார்க் ரேஞ்சர்ஸுக்கு நான்கு ஆட்டம் ஆடித் திரும்பினார். 1973-ல் பிரூனெஸ் கிளப்பிலிருந்து பொர்யே சால்மிங், இங்கெ ஹம்மர்ஸ்த்ரோம் என்ற இருவரும் டொரன்டோவுக்குப் போனார்கள். ஸ்வீடன்காரர்கள் கோழைகள் என்று ஏசி, கம்பால் அடித்து, சண்டைக்கு இழுத்தார்கள். சால்மிங் அசையவில்லை. 16 வருடம் டொரன்டோவுக்கே ஆடினார், 1996-ல் ஹாக்கி புகழரங்கில் இடம்பெற்றார். 1976 கனடா கோப்பையில் ஸ்வீடன் சட்டையோடு டொரன்டோவின் மேப்பிள் லீஃப் கார்டன்ஸ் அரங்கில் இறங்கிய அவருக்கு, எதிரணிக்காரர் என்றும் பார்க்காமல் டொரன்டோ மக்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். இன்று 18 வயதில் முழங்கால் நடுங்காமல் ஒரு ஸ்வீடன் பையன் அங்கே நடந்து போகிறான் என்றால் அதில் சால்மிங் வாங்கிய அடிகளுக்குப் பங்கு உண்டு.

கடைசியாக, கிளப்புக்கு என்ன கிடைக்கும். கால்பந்து பார்த்துப் பழகியவர்களுக்கு இது அதிர்ச்சியாகத்தான் இருக்கும். அங்கே 18 வயதுப் பையனைக் கோடிக்கணக்கில் விற்பார்கள். ஹாக்கியில் அந்தச் சந்தை கிடையாது. என்.எச்.எல்.லுக்கும் சர்வதேச ஹாக்கி சம்மேளனத்துக்கும் நடுவில் ஓர் உடன்படிக்கை இருக்கிறது, அதன்படி ஒரு வீரருக்கு இரண்டு லட்சம் டாலருக்கு மேல் என்ற அளவில் ஒரு நிலையான தொகை. டாலின் ஆனாலும் சரி, பெயர் தெரியாத ஐந்தாம் சுற்றுப் பையன் ஆனாலும் சரி, அதே கணக்கு. சின்ன வயதில் ஸ்கேட் கட்டிவிட்டதிலிருந்து, ஹாக்கிப் பள்ளியில் படிக்க வைத்து, முதல் அணியில் இறக்கிவிட்டது வரை எல்லாவற்றுக்கும் அதுதான். ஸ்வீடன் கிளப்புகளில் பெரும்பான்மை உரிமை உறுப்பினர்களிடமே இருக்க வேண்டும் என்பது அங்குள்ள விதி. பணக்கார முதலாளி வந்து பள்ளத்தை நிரப்பவும் முடியாது. இது போதாது, வளர்த்தவர்களுக்கு நியாயமாக இதைவிட அதிகம் சேர வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

யூர்கோர்டனுக்கு ஃப்ரொன்டெல் அதைவிடப் பெரிதாக ஒன்று கொடுத்திருக்கிறார். 2022-ல் கீழே விழுந்த அந்த அணி மூன்று வருடம் இரண்டாம் நிலையில் கிடந்தது. 2025 வசந்தத்தில் இறுதிச் சுற்றில் ஏ.ஐ.கே.வை வென்று மேலே ஏறியபோது அணியில் 17, 18 வயதில் இருவர்: ஃப்ரொன்டெல், அப்புறம் வில்லியமின் தம்பி விக்டர் எக்லுண்ட். சில வாரம் கழித்து அதே டிராஃப்டில் விக்டரையும் நியூயார்க் ஐலண்டர்ஸ் 16-வது ஆளாக எடுத்தது. மேலே ஏற்றிவிட்ட பையன் மேல்நிலை லீக்கிலும் தங்களோடு ஆட வந்தான் என்பது அந்த ரசிகர்களுக்கு எந்தக் காசோலையையும்விடப் பெரிது. சிகாகோவுக்கும் அதில் எந்த நஷ்டமும் இல்லை. அந்த சீசனில் அவர் என்.எச்.எல்.லில் பத்து ஆட்டம் ஆடாத வரை அவர்களுடைய மூன்று வருடம் அப்படியேதான் இருக்கும்.